கெம்போ கற்றுக்கொண்டால் கடைசி பஸ்ஸில் இறங்கித் தனியாக நடக்கலாமா?

2024 ஜூன் 2, மாலை 5.10. ஒரு வாசகியின் கேள்வி

ஊர் இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம். ஹட்டன் டவுனில் துணிக்கடையில் வேலை. கடை பூட்டி, பஸ் பிடித்து, சந்தியில் இறங்க ஏழரை ஆகிவிடும். அங்கிருந்து லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) தேயிலைக்கு நடுவில் அரை மணி நேரம் நடை. லைட் கிடையாது. போன மாதம் இரண்டு தடவை யாரோ பின்னால் வருகிற மாதிரி இருந்தது. டவுனில் ஞாயிற்றுக்கிழமைகளில் கெம்போ சொல்லிக்கொடுக்கிறார்கள். கராத்தே மாதிரிதான், ஆனால் ரோட்டில் வரும் ஆபத்துக்கென்றே உண்டானது என்கிறார்கள். அண்ணன் "அது டான்ஸ்" என்கிறான். அம்மா "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்கிறார். படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். உண்மையாகவே உதவுமா? எத்தனை மாதம் ஆகும்?

2024 ஜூன் 3, இரவு 9.40

நான் படித்தவன். 1995இல் பதினாறு வயதில் சேர்ந்தேன், 2002 வரை ஏழு வருடம். பிரவுன் பெல்ட்டோடு நின்றுவிட்டது. இப்போது அதே டவுனில் ஆட்டோ ஓட்டுகிறேன். கடைசி பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள், யார் தனியாக நடக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவன்.

உதவுமா என்றால், உதவும். எத்தனை மாதம் என்றால், பெல்ட்டுக்கு வருடக்கணக்கு, உன் தேவைக்கு மூன்று மாதம். ஆனால் வகுப்பில் கொடுப்பதை எல்லாம் அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வரக்கூடாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிய எனக்கு ஏழு வருடமும் ஒரு கை எலும்பும் செலவானது.

அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி இப்படிப் போகும்: எதிரில் நிற்பவன் வலது காலை முன்வைத்து வலது கையால் ஒரு குத்து விடுவான். நாம் ஒதுங்கித் தடுத்து, கழுத்தில் கைவிளிம்பால் ஒன்று, முகத்தில் ஒன்று, விலாவில் முழங்கையால் ஒன்று, முழங்காலைத் தட்டி ஒன்று என ஏழெட்டு அடி போடுவோம். அத்தனை முடியும்வரை அவன் நீட்டிய கையோடு கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி நிற்பான். பார்க்க அழகாக இருக்கும். இத்தனை வருடத்தில் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ சண்டை பார்த்துவிட்டேன். ஒருவன்கூட அப்படி ஒரு குத்து விட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. சட்டையைப் பிடிப்பான், தள்ளுவான், தலைமுடியைப் பிடிப்பான், பிடித்த கையை விடாமல் மற்ற கையால் அடித்துக்கொண்டே இருப்பான்.

தங்கச்சி, உனக்கு வரக்கூடியது அதுவும் இல்லை. பின்னால் நடப்பான். வழியை மறித்துப் பேச்சுக் கொடுப்பான். கையைப் பிடிப்பான். பெரும்பாலும் தெரிந்த முகமாக இருக்கும். அதற்கு வேண்டியது மணிக்கட்டை விடுவிப்பது, சத்தம் போடுவது, நிற்காமல் நகர்வது. இந்த மூன்றும் கெம்போவில் உண்டு. முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்புறம் மறந்துவிடுவார்கள்.

2024 ஜூன் 4, காலை 6.15

மணிக்கட்டு என்று எழுதினால் போதுமா என்று படுக்கையில் தோன்றியது. செய்முறை: யாராவது பிடித்தால் எல்லோரும் கையைப் பின்னுக்கு இழுப்பார்கள். பலசாலியிடம் அது நடக்காது. அவன் பிடியில் நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியாக ஒரு பக்கம். பூட்டின் வாய் அந்த இடம்தான். உன் முழங்கையை மடக்கி, அவன் முழங்கைப் பக்கமாக, ஒரு அடி முன்னே வைத்துக் கொண்டு போ. கை தானாகக் கட்டைவிரல் பக்கமாக நழுவும். இழுக்கிறவனை நோக்கிப் போவதுதான் மனசுக்கு வராது. அதற்காகத்தான் ஆயிரம் தடவை செய்வது.

ஹயர் வந்துவிட்டது. மீதி பிறகு.

2024 ஜூன் 5, இரவு

ஒருவர் கேட்கிறார்: கெம்போவா, கென்போவா, இரண்டும் வேறா? ஒரே சொல்தான். சீனத்தில் சுவான்ஃபா, "கைமுட்டியின் முறை" என்று பொருள். அதே இரண்டு எழுத்தை ஜப்பானியர் படித்தால் கெம்போ. ஆனால் அந்தப் பெயரில் நடப்பவை பல. ஜப்பானில் ஷோரின்ஜி கெம்போ, 1947இல் ககாவாவில் உள்ள தடோட்சு என்ற ஊரில் டோஷின் சோ தொடங்கியது. அடி உதை ஒரு பாதி, பிடி விடுவிப்பதும் மடக்குவதும் மறு பாதி, எல்லாம் ஜோடியாகத்தான் பயிற்சி. ஹவாயில் இன்னொரு கிளை. மிட்டோசே, அவருக்குப் பின் வில்லியம் சௌ, அவரிடம் படித்த எட் பார்க்கர். பார்க்கர் அதை அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கொண்டு போய், தெருவில் இப்படிப் பிடித்தால் இது, அப்படிக் குத்தினால் அது என்று நூற்றுக்கணக்கான பாடமாக எழுதி வைத்தார். எல்விஸ் பிரெஸ்லி அவருடைய மாணவர். 1964இல் லாங் பீச்சில் பார்க்கர் நடத்திய போட்டியில்தான் புரூஸ் லீ மேடையேறி வித்தை காட்டிப் பலர் கண்ணில் பட்டார். பார்க்கர் பாடத்திட்டத்தில் ஒரு பெல்ட்டுக்கு 24 நுட்பம் என்று ஒரு கணக்கு பிரபலம்.

எங்கள் மாஸ்டர் ஞாயிறு காலை ரயிலில் கண்டியிலிருந்து வருவார். பிடி விடுவிப்பது ஜப்பான் பக்கம், நீளமான அடி வரிசை ஹவாய்ப் பக்கம், இரண்டையும் பிசைந்து ஒரே கெம்போ என்று ஊட்டினார். நாங்கள் பிரித்துக் கேட்கவில்லை. கடை மாடியில் சிமெண்டுத் தரை, மேலே கயிற்றுப் பாய்.

2024 ஜூன் 5, சற்று நேரம் கழித்து

"குளவி வந்தால் எந்த நுட்பம்?" என்று கேட்டவர் எங்கள் மலை ஆள்தான், சந்தேகமே இல்லை. இடுப்பில் கட்டும் படங்கு விரிப்பை உருவித் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓடுவது. கை வீசக்கூடாது, வீசினால் இன்னும் பத்து வரும். கொழுந்து எடுத்த காலத்தில் என் அம்மா இதை எனக்குக் கற்றுத் தந்தார். ஏழு வருட கெம்போவைவிட அதிக தடவை பயன்பட்டது.

2024 ஜூன் 9

எலும்புக் கதையைக் கேட்டிருந்தீர்கள்.

2001, எங்கள் மலையகத் திருவிழாக் கூத்தான காமன் கூத்தின் கடைசி இரவு. கூட்டம். குடித்திருந்த ஒருவன் வம்புக்கு வந்தான், என்னைத் தள்ளினான். ஆறு வருடம் பழகியவன் நான். கண்ணாடி முன்னால் ஐந்நூறு தடவை செய்த வரிசை இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன வந்தது தெரியுமா? ஒன்றும் வரவில்லை. காது அடைத்துப் போனது, கை நடுங்கியது, அவன் முகம் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரிந்தது. ஊரில் எல்லோரும் அடிப்பது போலக் கையைச் சுழற்றி ஒரு குத்து. அவன் குனிந்துவிட்டான். குத்து மண்டையில் விழுந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிந்து ஐந்து வாரம் மாவுக்கட்டு. அவனுக்கு ஒரு வீக்கம்கூட இல்லை.

அதிலிருந்து யார் கேட்டாலும் சொல்வது: முகத்தில் கைமுட்டியால் குத்தாதே. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மூக்கு, தாடை. வெறும் கைக்கு மண்டையோடு ஒரு கருங்கல். நுணுக்கமாக விரலை மடக்கி முறுக்கும் வித்தை எதுவும் பயம் வந்தால் கையில் நிற்காது. பெரிய அசைவு மட்டும்தான் மிஞ்சும்: தள்ளுவது, முழங்கை, நடப்பது, கத்துவது.

2024 ஜூன் 11

சட்டம் பற்றி ஒருவர் கேட்டதற்கு. நம் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதில் 89ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமை வருகிறது. உன் உடலையும் இன்னொருவர் உடலையும் காக்கலாம். தேவைக்கு மேல் போகக்கூடாது, பொலிசை அழைக்க நேரம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை என்று 92 சொல்கிறது. ஆக, பிடி விட்டதும் ஓடினால் உன் பக்கம் நியாயம். பிடி விட்ட பின் நின்று இன்னும் நாலு போட்டால் அது வேறு கணக்கு. ஏழெட்டு அடி வரிசையில் மூன்றாவது அடிக்கு மேல் எல்லாமே எனக்கு அந்த வேறு கணக்காகத்தான் தெரிகிறது. பாலியல் தொந்தரவு 345ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை உண்டு. அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. போனில் போட்டு வை.

2024 ஜூன் 14, இரவு 11

அக்கா போன் பண்ணினார். அவர் மகள் இதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். "காமன் கூத்துக் கதைய ஏன்டா பொய்யா எழுதுற? நீதான மொதல்ல தள்ளுன? நான் அங்கதான நின்னேன்."

சரி. நானேதான் முதலில் தள்ளினேன். அவன் குடித்திருந்தது உண்மை. வகுப்பைப் பற்றி, "அங்க போய் என்னத்த ஆடுற" என்று கூட்டத்தில் கேட்டான். எனக்கு இருபத்திரண்டு வயது, சுற்றிப் பெண்கள் வேறு. தள்ளினேன், அவன் திருப்பித் தள்ளினான், பிறகு நடந்தது எழுதியபடி. இருபத்து மூன்று வருடமாக வேறு மாதிரிச் சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நடந்தது போலாகிவிட்டது. மூன்று நாள் முன்னால் 89ஆம் பிரிவு எழுதியவன் நான். அந்த 89 எனக்கு அன்றைக்குக் கிடைத்திருக்காது. பொலிசுக்குப் போகாமல் கோயில் கமிட்டியில் பேசி முடித்தார்கள், அப்பா அபராதம் கட்டினார்.

அக்கா கெம்போ படித்தவர் இல்லை. கொழும்பு பஸ்ஸில் வேலைக்குப் போன காலத்தில் கையில் ஒரு ஊக்கு வைத்திருப்பார், அவ்வளவுதான். பின்னால் நின்று உரசியவன் ஒருவன் "ஆ" என்று கத்திவிட்டு அடுத்த ஹோல்ட்டில் இறங்கினானாம். ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் தொந்தரவுக்கு ஆளான பெண்கள் 90 வீதம், பொலிசில் உதவி கேட்டவர்கள் 4 வீதம். அக்காவிடம் சொன்னேன். "மிச்சப் பத்து வீதம் பஸ்ஸுல ஏறியிருக்க மாட்டாங்க" என்றார்.

2024 ஜூன் 21, போயா

லீவு, மழை. இஸ்தோப்பில் மகளோடு ஒரு சோதனை. என் பழைய வெள்ளைச் சட்டையை நான் போட்டுக்கொண்டேன், அவள் கையில் சிவப்பு மார்க்கர். அதுதான் கத்தி. பத்து விநாடி. நான் பழகிய கத்தி பறிக்கும் நுட்பங்களைச் செய்ய வேண்டும். அவள் கெம்போ தெரியாத ஏ.எல். மாணவி, சிரித்துக்கொண்டே குத்தினாள். சட்டையில் பதினொரு கோடு, அதில் இரண்டு கழுத்தில். ஒரு தடவை அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், மார்க்கரை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டாள். "இப்படி மாத்தக்கூடாதுன்னு சொல்லலியே" என்கிறாள்.

மரக்கத்தியை நீட்டிவிட்டு அசையாமல் நிற்பவனிடம் பறித்துக் காட்டும் வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கச் சொல். செய்தால் நல்ல வகுப்பு. கோபப்பட்டால் வேறு இடம் பார். கவ்வாத்துக் கத்தியோடு ஒருவன் வந்தால் கைப்பையை அவன் முகத்தில் எறிந்துவிட்டு ஓடு.

சட்டைக் கறை போகவில்லை. வீட்டுக்காரி பேசவில்லை.

2024 ஜூன் 23, ஞாயிறு

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி இன்னும். முதல் நாள் காசு கட்டாமல் உட்கார்ந்து பார். பிடிக்கிறவன் உண்மையாகப் பிடிக்கிறானா, விடுவிக்க வராதபோது சிரித்துக்கொண்டு தானே விட்டுவிடுகிறானா? பெண்கள் பெரிய உருவத்தோடு பழக விடுகிறார்களா? அம்மா வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? பார்க்கக்கூடாது, அது வித்தையின் ரகசியம் என்று ஒரு மாஸ்டர் சொன்னால் அங்கேயே திரும்பிவிடு. தற்காப்பு படிக்கப் போன இடத்திலேயே தற்காப்பு தேவைப்பட்ட கதை எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

2024 ஜூன் 24

நேற்று இரவு மழை விட்ட பிறகு மகளையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு எங்கள் குறுக்குப் பாதையில் போனேன். அதுவும் உன் பாதை மாதிரிதான்: ஒரு பக்கம் தேயிலை மேடு, ஒரு பக்கம் கான் (வடிகால்), நடுவில் இரண்டு அடி வழுக்கல். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, கெம்போ நிலையில் நின்றேன். நின்ற வேகத்தில் இடது கால் கானுக்குள் போனது. சமதளத்தில் உண்டான நிலை அது. உதை பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒற்றைக் காலில் நின்றால் எதிராளி தேவையில்லை, மலையே தள்ளிவிடும்.

கண்டது இது: மேட்டுப் பக்கம் நிற்பவனைத் தள்ளுவது கடினம், கான் பக்கம் நிற்பவனைக் குழந்தையும் தள்ளும். யாராவது எதிரில் வந்தால் பேசிக்கொண்டே மேட்டுப் பக்கம் மாறு. காலைத் தூக்காமல் தேய்த்து நகர். இதை எனக்கு முதலில் சொன்னது தாத்தா. சிலம்பம் ஆடியவர். வகுப்பில் கற்றதை லயத்து வாசலில் ஆடிக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கையெல்லாம் சரி, கால் எங்கடா?" என்றார். பதினேழு வயதில் அது கிழவன் பேச்சாகத் தெரிந்தது.

தாத்தாவின் இன்னொரு பாடம் குடை. நம் ஊரில் குடை இல்லாமல் யாரும் நடப்பதில்லை, கையில் இருப்பதைப் பார்த்து யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். வீசி அடித்தால் கம்பி மடங்கும், அவன் பிடித்துக்கொள்வான். இரண்டு கையாலும் பிடித்து, நுனியால் வயிற்றில் ஒரு குத்து, உடனே பின்வாங்கு. வகுப்பில் கம்பு சொல்லிக்கொடுத்தால் மனசுக்குள் குடை என்று மொழிபெயர்த்துக்கொள்.

2024 ஜூன் 24, மறுபடி

விழுவதைச் சொல்ல மறந்தேன். முதல் மாதம் ஒவ்வொரு வகுப்பிலும் விழச் சொன்னார்கள், சலிப்பாக இருந்தது. தாடையை நெஞ்சோடு ஒட்டு, கையை ஊன்றாதே (ஊன்றினால் மணிக்கட்டு போகும்), முதுகை வளைத்து உருள். 2009இல் அரிசி மூட்டையோடு ஸ்டோர் படிக்கட்டில் சறுக்கி எட்டுப் படி உருண்டேன். மூட்டை கிழிந்தது, எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஏழு வருடக் காசும் அன்றைக்கே வசூலாகிவிட்டது.

2024 ஜூன் 30

கத்துவது. வகுப்பில் அடிக்கும்போது ஒரு சத்தம் கொடுக்கச் சொல்வார்கள். எனக்கு மூன்று மாதம் தொண்டையைவிட்டு வரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம், சத்தம் போடாதே என்று சொல்லித்தானே வளர்க்கிறோம். "ஐயோ" என்று கத்தாதே, அது சாவு வீட்டுச் சத்தம் போலப் போய்விடும். "யாரு அது! எடு கைய!" என்று கத்து. லயத்தில் உள்ள ஒரு ஆளின் பெயரைச் சொல்லி, "மாமா, இங்க வாங்க!" என்று கூப்பிடு. நம் பள்ளத்தாக்கில் ராத்திரிச் சத்தம் அடுத்த டிவிஷன் வரை கேட்கும். மலைக்கு மலை கூப்பிட்டுப் பேசிய ஆட்கள் நாம். அந்தத் தொண்டை உன்னிடமும் இருக்கும்.

இன்னொன்று. உன் டிவிஷனிலிருந்து டவுனுக்கு வேலைக்கு வருகிறவர்கள் வேறு யாரும் இல்லையா? மூன்று பேர் சேர்ந்தால் ஆட்டோவுக்கு ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். என் தொழிலுக்கு விளம்பரம் இல்லை, எவனுடைய ஆட்டோ என்றாலும் சரி, இலக்கத்தைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பு. இதற்கு பெல்ட் தேவையில்லை.

2024 ஜூலை 7

என்னோடு படித்தவர் ஒருவர் இதைப் படித்துவிட்டுத் திட்டியிருக்கிறார். நீள வரிசைகளைக் கேலி செய்தது தப்பாம், அவை நடந்தபடி நடக்கும் சண்டை இல்லை, கை ஒரு அடியிலிருந்து அடுத்த அடிக்கு எப்படிப் போகும் என்று உடம்புக்குச் சொல்லும் இலக்கணமாம். முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். மணிக்கட்டு விடுவிப்பதை ஆயிரம் தடவை செய் என்று எழுதினேனே, அதை மட்டும் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு இருந்திருந்தால் நான் மூன்றாவது வாரமே நின்றிருப்பேன். ஏழு வருடம் ஞாயிற்றுக்கிழமை பனியில் எழும்பிப் போனது அந்த அழகான வரிசைகளுக்காகத்தான். இன்றைக்கும் ஹயர் இல்லாத நேரம் ஆட்டோவுக்குப் பின்னால் நின்று ஒன்றிரண்டு போட்டுப் பார்க்கிறேன். ஜூன் 3இல் எழுதியதை அழிக்கவில்லை. ஆனால் "டான்ஸ்" என்பது திட்டு இல்லை என்று அண்ணனிடம் சொல்.

2024 ஜூலை 28

தங்கச்சி எழுதியிருக்கிறாள். நான்கு வகுப்பு முடிந்ததாம். அம்மா இரண்டு தடவை வந்து உட்கார்ந்து பார்த்தாராம், இரண்டாவது தடவை மாஸ்டரிடம் "அந்தப் புள்ள இன்னும் கெட்டியாப் பிடிக்கணும்" என்றாராம். அண்ணன் பிடித்தால் பத்துக்கு ஆறு தடவை விடுவிக்க வருகிறதாம். அவன் கட்டைவிரல் வலிக்கிறது என்று இனிப் பிடிக்க மாட்டேன் என்கிறானாம்.

அவனை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல். வலி கட்டைவிரலில் இல்லை, அவனுக்கு வேறு இடத்தில். ஈரச் செருப்போடு, இருட்டில், முதுகுக்குப் பின்னாலிருந்து பிடிக்கச் சொல், ஆறு இரண்டாகும். அங்கிருந்து மறுபடி தொடங்கு. மடக்குக் குடையை வீட்டில் வைத்துவிட்டு நீளக் குடை வாங்கு. துணியைப் பார்க்காதே, நடுக்கம்பியைப் பார்.

ஆறு என்பது நல்ல கணக்கு. என் மகள் என்னிடம் பத்துக்கு நாலுதான். இதை அவளிடம் சொல்லவில்லை, அக்கா படித்துக் காட்டாமல் இருந்தால் சரி.